அம்புக்குறி காட்டிய இடம்

உயரத்தில் வேலை செய்கிறவரின் உயிரைக் கயிறு காப்பாற்றுகிறது என்பது பாமரர் நம்பிக்கை. உண்மையில் காப்பாற்றுவது கமிட்டி. எங்கள் அலுவலகப் பாதுகாப்புக் கமிட்டியின் செயலாளர் என்ற முறையில் இதை உலகுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மொட்டை மாடி விளிம்புக்கு வெளியே தொங்கியபடி, 'பாதுகாப்பே நம் மூச்சு' என்ற பெரிய போர்டை மாட்ட வேண்டியிருந்தது. அதற்காகவே சேஃப்டி பெல்ட் வாங்கினோம். என்ன நிறம் என்று முடிவு செய்யவே பல கூட்டங்கள். தோளுக்கும் தொடைக்கும் வார், முதுகில் கயிறு, கயிற்று நுனியில் கொக்கி. கொக்கியை மாட்டச் சுவரில் இரும்பு வளையம் பதிக்கச் சொன்னார் விற்றவர். பதித்தால் புதுப் பெயின்ட் என்னாவது? ஆழ்ந்து யோசித்து, சுவரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம்: 'கொக்கியை இங்கே மாட்டவும்.' கூடவே ஒரு சிவப்பு அம்புக்குறி.

போர்டு மாட்டுகிறவர் வந்தார். கை உதவிக்கு அவர் மனைவியின் தம்பி. பெல்ட்டை அணிந்துகொண்டு போர்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்தார்.

“சார், அம்பு இருக்கு. வளையம் எங்க?”

“அம்பு இந்த வருஷ பட்ஜெட். வளையம் அடுத்த வருஷம்” என்றார் கமிட்டித் தலைவரான மேனேஜர்.

“அப்ப கொக்கிய எதுல மாட்டுறது?”

“உங்க பெல்ட்லயே மாட்டிக்குங்க. போட்டோவுல கச்சிதமா இருக்கும்.”

மச்சான் சிரித்துவிட்டார். “மாமா, நீங்க விழுந்தா உங்கள நீங்களே பிடிச்சுக்கணுமாம்!”

“சிரிக்காத மச்சான். விழப்போறது நான்.”

“கேலி வேண்டாம் தம்பி, கமிட்டி ஏகமனதா ஒத்துக்கிட்ட ஏற்பாடு” என்றேன் நான்.

“ஒத்துக்கிட்டவங்கள்ல யாராச்சும் ஒருத்தர் இப்படி மாட்டிக்கிட்டு விளிம்புல நில்லுங்களேன். பாத்துட்டு எங்க மாமா இறங்கட்டும்.”

எங்கள் மேனேஜர் வீரர். டை கசங்காமல் பெல்ட்டை அணிந்தார். பேன்ட் மடிப்புக் கலையாதிருக்கத் தொடை வாரைத் தளர விட்டார். கம்பீரமாக விளிம்புக்கு நடந்து எட்டிப் பார்த்தார். திரும்பும்போது தவழ்ந்து வந்தார்.

“காத்து ஜாஸ்தி. உங்களுக்குப் பழக்கம், நீங்க இறங்குங்க.”

“பழகினவன்னு பாத்துக் காத்து ஒதுங்கிப் போகுமா சார்?”

“இறங்கலன்னா இந்த வேலையும் கெடையாது, இனிமே எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டோம்.”

போர்டுக்காரர் தயங்கினார். மச்சான் அவர் கையைப் பிடித்தார். “மாமா, போயிடலாம். அக்காகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?”

“கமிட்டி இரங்கல் தீர்மானம் போடும். அதுல ஒரு கொறையும் வைக்க மாட்டோம்” என்று உறுதியளித்தேன்.

போர்டுக்காரர் பெல்ட்டை அவிழ்த்து மடித்து மேனேஜர் கையில் வைத்தார். “வா மச்சான்.” இருவரும் விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார்கள்.

இந்தக் காலத்து ஆட்களிடம் ஒத்துழைப்பே இல்லை. போன வாரம் வந்தவர் தங்கமான மனிதர். மறுபேச்சின்றிக் கொக்கியைத் தன் பெல்ட்டிலேயே மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். போட்டோ கச்சிதமாக வந்தது. பெல்ட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. இரங்கல் தீர்மானத்திலும் ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் பாதியில் விட்ட போர்டைத்தான் இவர்களை முடித்துத் தரச் சொன்னோம்.