ஏழாம் கேள்விக்கு எருமை மாடு

கொழும்பு முழுவதிலும் சந்தேகத்தார் நம்பியது தன் குடையை மட்டும்தான். அதையும் மேசைக் காலோடு கட்டியே வைத்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் வேறு ஏதோ. கந்தோரில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அது இரண்டாம் உலக யுத்த காலம். கொட்டாஞ்சேனையில் அரிசிக் கூப்பன் கொடுக்கும் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் அவர் பெரிய கிளாக்கர், நான் நாலாம் மேசை. தேநீர் கொண்டுவரும் பியோன் அவர் முன்னால் ஒரு மிடறு குடித்துக் காட்டிய பிறகுதான் அவர் கோப்பையைத் தொடுவார்.

ஒருநாள் முகத்துவாரத்திலிருந்து பிலோமினா என்றொரு பெண் வந்தாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. மடியிலிருந்த கூப்பன் புத்தகங்களும் அவனோடு போய்விட்டன. புதியவை வாங்க நாலு பக்கப் படிவம். அதில் ஏழாவது இடத்தில் குடும்பத் தலைவரின் ஒப்பம் வேண்டும். அது வெறுமையாக இருந்ததால் மூன்று முறை அவளைத் திருப்பி அனுப்பியிருந்தோம்.

“கடல்கிட்ட போயா ஐயா நான் கையெழுத்து வாங்குறது?” என்று அழுதாள்.

சந்தேகத்தார் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “கடலுக்குத்தான் போனவரோ, இல்லாட்டி ஹெந்தளையில வேற குடும்பம் ஏதும் இருக்கோ?”

ஞாயிற்றுக்கிழமை அவரே முகத்துவாரம் போய் வீடு வீடாக விசாரித்தார். திங்கட்கிழமை என்னிடம் வந்தார்.

“தம்பி, அவளின்ர மூண்டு பிள்ளையளும் நான் அரிசி கொண்டந்த ஆள் எண்டு நினைச்சு ஓடி வந்ததுகள்.” என் மேசையிலிருந்த படிவத்தை எடுத்துப் பார்த்தார். “இப்ப எனக்கு உந்தப் படிவத்திலதான் சந்தேகம். ஏழாம் கேள்வியை ஆர் வாசிக்கிறது?”

அடுத்த நாள் வழக்கமான விண்ணப்பக் கட்டுக்குள் தானே நிரப்பிய ஒன்றைச் செருகிவிட்டார். ஏழாவது இடத்தில், வளைத்து வளைத்து, அழகான ஆங்கிலத்தில் ‘எருமை மாடு’ என்று ஒப்பமிட்டிருந்தார். ஆறு மேசை தாண்டி, ஆறு பேரின் இனிஷியலோடு, சீலும் குத்தப்பட்டு அந்த எருமை வெளியே வந்தது. நாலாவது இனிஷியல் என்னுடையது.

அதைத் தூக்கிக்கொண்டு அவர் எங்கள் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையின் அறைக்குள் போனார். எங்களுக்கு உயிர் போய்விட்டது. “கிழவன் காட்டிக்குடுக்கத்தான் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்திருக்கிறான்,” என்றார் மூன்றாம் மேசைக்காரர். நானும் ஓம் என்றேன்.

கதவோரம் காது கொடுத்தோம். இதை அனுமதித்த முட்டாள்கள் யார் என்று துரை கத்தினார். ஆட்களை மாற்றினால் இன்னொரு எருமை வரும், கேள்வியை எடுத்தால் வராது என்று சந்தேகத்தார் நிதானமாகச் சொன்னார்.

ஒரு மாதத்தில் படிவம் ஒரே பக்கமானது. அதற்கு முன்பே துரை தன் கையாலேயே பிலோமினாவுக்குக் கூப்பன் எழுதிக் கொடுத்தார். புதிய படிவத்தைச் சந்தேகத்தார் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். “மிச்ச மூண்டு பக்கத்தையும் எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்?”

எங்களில் யாருக்கும் வேலை போகவில்லை. ஏனென்று புதிய படிவம் வந்த அன்று மாலைதான் தெரிந்தது. சந்தேகத்தார் என் மேசையில் ஒரு காகிதத் துண்டை வைத்தார். எங்கள் ஆறு இனிஷியல்களும் அதில் இருந்தன. சீல் குத்திய இடத்தை மட்டும் விட்டுவிட்டு, துரையிடம் போகுமுன்பே படிவத்திலிருந்து அவற்றைக் கத்தரித்திருக்கிறார்.

நன்றி சொன்னேன். “என்ன, என்னட்ட ஏதும் காரியம் ஆகவேணுமோ?” என்று முறைத்தார்.

ஒன்றுமில்லை என்றேன். மறுநாள் காலை அவர் வருமுன் என் மேசையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.