மாற்று வேட்டி

வாசலில் கார் ஹாரன் அடித்தது. குமாரவேல் மறுபடியும் கக்கூஸுக்குள் போனான்.

பெருங்குடலில் புண். நெடுநாளாக மாத்திரை. வீட்டை விட்டால் அவன் போகிற ஒரே இடம் அருள்புரம் பனியன் கம்பெனி. அங்கே கட்டிங் மேசைக்குப் பின்னாலேயே கக்கூஸ். இன்று கொமரலிங்கம் கோயிலில் தங்கை மகன் நித்தீஷுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். நடுவில் எழுந்தால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள். ஊரே பார்க்கும். வேட்டியோ வெள்ளை.

"கறுப்பு பேண்ட் போட்டுக்கறனே, சாரதா."

"தாய்மாமன் பேண்டோட உக்காந்தா உங்க தங்கச்சி மாமியா சும்மா உடுவாங்களா?" என்றாள் மனைவி சாரதாமணி.

வயிறு காலியாக இருந்தால் பயமில்லை என்று நேற்றிலிருந்து அவன் சாப்பிடவில்லை. தலை சுற்றியது. சாரதாமணி மோர் கொடுத்தாள். மோர் அவனைத் திரும்ப உள்ளே அனுப்பியது.

"தங்கச்சிகிட்டச் சொல்லிப்போடலாமுங்க."

"என்னன்னு? உம்பட பையனை மடியில வெக்கப் பயமா இருக்குதுன்னா?"

அவள் இன்னொரு வேட்டியை மடித்துக் கட்டைப்பையில் வைத்தாள். தனிப்பை என்றால் கேள்வி வரும் என்று, குமாரவேலே அதைச் சீர்ப்பைகளுக்கு நடுவில் செருகினான்.

பல்லடம் வரை கக்கூஸ் உள்ள பெட்ரோல் பங்குகள் அவனுக்கு மனப்பாடம். உடுமலை தாண்டியதும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டான்.

கோயிலில் இறங்கியதும் தங்கையின் மாமியார் சீர்ப்பைகளை அள்ளிக்கொண்டு போனார். சபை நடுவில் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"ஏந் தம்பி, தொவச்ச வேட்டியச் சீருக்குக் கொண்டாந்திருக்கறீங்க?"

"அது எனக்குங்க."

"கட்டியிருக்கறது பத்தாதா? மாத்து வேட்டி எதுக்கு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். குமாரவேல் வேட்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"நேரமாச்சு, உக்காருங்க மாப்ள" என்றார் காது குத்தும் ஆசாரி.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நித்தீஷை மடியில் வைத்தார்கள். வயிறு முறுக்கியது. குமாரவேல் பல்லைக் கடித்தான். ஊசி ஏறியது. குழந்தை வீரிட்டு அலறியது. அதே நேரம் வேட்டியில் வெதுவெதுவென்று ஈரம் பரவியது.

முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டான்.

ஆசாரி மாமியாரைத் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்குன்னு கேட்டீங்களேம்மா, பாத்துக்குங்க! ஊசி ஏறுனா எந்தக் கொழந்தையும் ஒண்ணுக்குப் போவும். மாத்து வேட்டியோட வந்த தாய்மாமனை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."