இல்லை என்று சொல்லிவிடுங்கள், சித்தி

பேரன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவுக்குக் காட்டவே காட்டாதீர்கள். அவர் நல்லவர்தான், ஆனால் அவர் வாயில் ரகசியம் தங்காது. போனை எடுத்ததும் முதலில் அதுதான் வெளியே வரும். தம்பி கையிலும் கொடுக்காதீர்கள், கப்பல் செய்துவிடுவான். படித்து முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். அங்கே நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகமாக இல்லை, சிக்கனமாக இருக்கிறோம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் இப்போது போன் பேச வேண்டுமென்றால் அப்பாவிடம் காரணம் சொல்ல வேண்டும். காரணம் அவருக்குப் பிடித்தால்தான் போன் கைக்கு வரும். அதனால் எல்லோரும் தூங்கியபிறகு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? தொட்டிலுக்குள். எட்டாம் வகுப்பு படிக்கும் நான், முழங்கால் மோவாயில் இடிக்க, ஒரு மரத்தொட்டிலுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இதன் பலகைகள் உயரமானவை, வெளிச்சம் கதவிடுக்கு வழியாக வெளியே போகாது. இந்தத் தொட்டிலால் இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை இதுதான்.

அம்மாவுக்குக் குழந்தை பிறக்கப்போவது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். மற்ற வீடுகளில் இனிப்புக் கொடுத்துச் சொல்வார்களாம். எங்கள் வீட்டில் அப்பா என் பால் டம்ளரை எடுத்து, பாதியை அம்மாவின் டம்ளரில் ஊற்றிவிட்டு, "இனிமே இப்படித்தான்" என்றார். பால்காரர் ஊருக்குப் போயிருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான், "வீட்டுக்குப் புதுசா ஒரு ஆள் வருது. இன்னையிலேர்ந்து மிச்சம் பிடிக்கணும்" என்றார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் என் பால் போன வருத்தமும் இருந்தது.

முதல் சிக்கனம் விளக்கு. குளியலறை பல்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "ரெண்டு நாள்ல கண்ணு பழகிடும்" என்றார். எங்கள் கண் பழகிவிட்டது. அவர் கண் பழகவில்லை. சோப்பை மிதித்து விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். டாக்டர், எக்ஸ்ரே, மாவுக்கட்டு, போகவர வாடகை வண்டி. "அந்த பல்பை எரியவிட்டிருந்தா, பிள்ளை காலேஜ் முடிக்கிற வரைக்கும் இந்தக் காசுல எரிஞ்சிருக்கும்" என்றாள் அம்மா. "இது எதிர்பாராத செலவு. கணக்குல சேராது" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் கணக்கில் சேராத செலவுகள்தான் இப்போது அதிகம்.

மாவுக்கட்டோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அடுத்த சிக்கனம் என் தலைமுடி. பெண் பிள்ளைக்கு முடி வெட்ட கடைக்காரன் கேட்பது பகல் கொள்ளையாம், வீட்டிலேயே வெட்டலாமாம். வெட்டினார், இடது கையால். ஒரு பக்கம் காது தெரிகிறது, மறுபக்கம் கழுத்து வரைக்கும் தொங்குகிறது. சரிசெய்கிறேன் என்று மறுபடி கத்தரியை எடுத்தார். நான் மாடிக்கு ஓடிவிட்டேன். வகுப்பில் இப்போது எனக்குச் "சாய்ந்த கூரை" என்று பெயர். கணக்கு டீச்சர் கூட ஒரு நாள் வாய்தவறிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்பாவின் வேலை உங்களுக்குத் தெரியும், செருப்புக் கம்பெனிக் கிடங்கில் சரக்குப் பொறுப்பு. அந்தக் கிடங்கிலிருந்து அவருக்குத் தெரியாமல் ஒரு துண்டுக் கயிறு வெளியே போகாதாம். அப்படிப்பட்டவர் ஒரு நாள் இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "பிள்ளைக்கு அஞ்சு வயசு வரைக்கும் ஷூ வாங்க வேண்டாம். சும்மா கிடைச்சது!" என்றார். திறந்து பார்த்தோம். அழகழகான குட்டி ஷூக்கள். எல்லாம் இடது கால். கடைகளில் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைப்பது ஒற்றை ஷூதான். மாடல் பழசானதும் அந்த ஒற்றைகள் கிடங்குக்குத் திரும்பி வந்துவிடும். அதைத்தான் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மா ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, வர்றது பிள்ளையா, கொக்கா?" என்று கேட்டாள். "வலது காலும் ஒரு நாள் திரும்பி வரும், பொறு" என்றார்.

இனித்தான் தொட்டில். அப்பாவின் மேனேஜர் வீட்டில் பழைய தொட்டில் ஒன்று கிடந்தது, சும்மா தருகிறேன் என்றார். சும்மா என்ற சொல்லைக் கேட்டால் அப்பாவுக்கு முகமே மாறிவிடும். அதை எடுத்துவர லாரி வாடகை கேட்டார்கள், கையில் காசில்லை, அதனால் என் கட்டிலைப் பழைய சாமான் கடைக்கு விற்று வாடகை கொடுத்தார். வந்த தொட்டில் கதவுக்குள் நுழையவில்லை. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், லாரிக்காரர் காத்திருப்புக்குத் தனியாகக் கேட்டார். கடைசியில் அப்பா ரம்பத்தை எடுத்து, இடது கையால், தொட்டிலின் நான்கு கால்களையும் அறுத்துவிட்டார். நான்தான் பிடித்துக்கொண்டேன். நான்கும் நான்கு உயரம். கட்டில் போன இடத்தில், என் அறையில், அதைக் கொண்டுவந்து போட்டார்கள். நான் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்கிறேன்.

அதோடு முடிந்ததா? ஞாயிற்றுக்கிழமைதோறும் மேனேஜரின் மனைவி தொட்டிலைப் பார்க்க வருகிறார். அம்மாவைப் பார்க்க அல்ல, தொட்டிலைப் பார்க்க. "எங்க மூணு பிள்ளைங்களும் இதுலதான் வளந்துச்சுங்க" என்று பலகையைத் தடவுகிறார். அவருக்கு டீ, முந்திரி, விலையுயர்ந்த பிஸ்கட். கால் அறுத்தது தெரியக்கூடாது என்பதற்காக, இடது கால் ஷூப் பெட்டிகளை அடியில் கொடுத்துத் தொட்டிலைத் தூக்கி நிறுத்தி, போர்வையால் மூடிவிடுகிறோம். அந்த அம்மா ஆசையாக ஆட்டிப் பார்ப்பார். அப்போது நான் பின்னால் குனிந்து, அது சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். "உங்க பொண்ணு ஏன் எப்பவும் குனிஞ்சே இருக்கு?" என்று போன வாரம் கேட்டார். "மரியாதைங்க" என்றார் அப்பா.

இதெல்லாம் புலம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். இதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனபோது அவர்கள் பேசியது காதில் விழுந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

"எவ்வளவு இழுத்துப் பிடிச்சாலும் கையில நிக்க மாட்டேங்குது" என்றார் அப்பா. "பெரியவளை உன் தங்கச்சி வீட்ல ரெண்டு வருஷம் விட்டா என்ன? ஞாயித்துக்கிழமை போன் பண்ணிக் கேக்கறேன். அவங்க ஒண்ணும் எதிர்பார்க்க மாட்டாங்க. சும்மாதானே."

அம்மா பதில் சொல்லவில்லை. சித்தி, அப்பா பேசி அம்மா பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் வீடு எனக்குப் பிடிக்கும். சித்தப்பாவின் குறட்டை கூடப் பழகிவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லுங்கள். தம்பிக்குத் தொற்றும் காய்ச்சல் என்று சொல்லுங்கள். என்னைக் கண்டாலே பிடிக்காது என்று சொன்னாலும் சரி, நான் தவறாக நினைக்கமாட்டேன். ரெண்டு வருஷம் என்றுதான் அவர் சொல்கிறார். ஆனால் சும்மா கொடுத்த பொருளை யாரும் திருப்பிக் கேட்பதில்லை, சித்தி. இந்தத் தொட்டிலையே யாராவது திருப்பிக் கேட்டார்களா? பிறக்கப்போகும் பாப்பா என் முகத்தைப் பார்த்து, இது யார் என்று கேட்டால், அப்பா என்ன சொல்வார்? எதிர்பாராத செலவு என்றா? பாப்பாவுக்கு நான் ஏற்கெனவே ஒரு பெயர் யோசித்து வைத்திருக்கிறேன், அதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அந்தப் பெயர்

கதவைத் தட்டுகிறார்க

பின்குறிப்பு (காலையில் எழுதுவது): மேலே எழுதியதெல்லாம் ரத்து.

தட்டியது அப்பா. நான் டார்ச்சோடு தொட்டிலுக்குள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தும் திட்டவில்லை. "எறங்கு. தூக்கமே வரல. மேனேஜர் சாயங்காலம் கிடங்குல சொன்னார். அவர் பெரிய பொண்ணு முழுகாம இருக்காளாம். தொட்டிலைத் திருப்பிக் கேக்கறாங்க" என்றார். சொல்லிவிட்டு ஷூப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டி நசுங்கியது. அப்படியே நசுங்கின பெட்டியில் உட்கார்ந்து, அறுத்த கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுத் தொட்டில் வாங்கித்தான் கொடுக்க வேண்டும், லாரி வேறு.

அப்போதுதான் அம்மா வாசலில் வந்து நின்று வாயைத் திறந்தாள். "இந்த அழகுல என் பொண்ணையும் சும்மா கொடுக்கப் பார்த்தீங்க. நாளைக்குத் திருப்பிக் கேக்கும்போது கால் இருக்குமா அவளுக்கு?"

அப்பா எழுந்து நசுங்கின பெட்டியைத் தட்டி நிமிர்த்தினார். பிறகு, "அவ எங்கேயும் போக வேண்டாம். அப்புறம் உன் தங்கச்சி வாராவாரம் முந்திரி தின்ன வந்துடுவா. கட்டுப்படியாகாது" என்றார். என் தலையைப் பார்த்தார். "முடி வளந்துடும்" என்று என்னிடம் சொன்னார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது.

கடிதத்தை அவர் படிக்கவில்லை. மேலே "சித்திக்கு" என்றிருந்ததை மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு, "எப்படியும் ஸ்டாம்ப் ஒட்டப்போறே. வீணாக்காதே, அதுலயே இதையும் எழுது" என்று நின்றுகொண்டே சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: தம்பி வளர்ந்துவிட்டதால் உங்கள் வீட்டுத் தொட்டில் சும்மாதானே கிடக்கும், அதை இங்கே அனுப்ப முடியுமா என்று அப்பா அன்போடு கேட்கிறார். சித்தப்பாவுக்கு அவருடைய வணக்கம், தம்பிக்கு ஆசீர்வாதம்.

இப்போது பல் தேய்க்கப் போய்விட்டார். சித்தி, இல்லை என்று சொல்லிவிடுங்கள்.