ஒரு கையெழுத்துக்கு ஒன்பது உதவிகள்

உதவி செய்தே தீருவேன் என்று கச்சை கட்டிக்கொண்டு திரியும் மனித இனம் ஒன்று உண்டு. பேருந்து நிறுத்தத்தில் பார்த்திருப்பீர்கள், வங்கி வரிசையில் மாட்டியிருப்பீர்கள். ஆனால் அது கொழுகொழுவென்று வளர்வது கல்லூரியில்தான். அதிலும் வேறு கல்லூரியில் பாதி படித்துவிட்டு நடுவில் மாறி வரும் பிள்ளைகள் கிடைக்கிற இடத்தில். வாருங்கள், ஓர் அருமையான மாதிரியைக் காட்டுகிறேன். பதவி, மாறிவந்த மாணவர்களுக்கான பேராசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர், கைத்தாங்கல்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் அறைக்குள் ஒரு பெண் நுழைந்தாள். இரண்டாம் ஆண்டுக்கு மாறி வந்தவள். பழைய கல்லூரியில் அவள் தேறிய புள்ளியியலை இங்கேயும் ஏற்கலாம் என்று ஒரு படிவத்தில் கைத்தாங்கல் கையெழுத்துப் போட வேண்டும். அதை நான்கு மணிக்குள் அலுவலக ஜன்னலில் கொடுக்க வேண்டும். தவறினால் முதலாண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடியும் புள்ளியியல், ஒரு வருடம் தண்டம்.

“சார், ஒரே ஒரு கையெழுத்து...”

“கையெழுத்து எங்கம்மா ஓடிடப் போகுது? முதல்ல உக்காரு. புது இடம், பயமா இருக்கா?”

“இல்ல சார், நாலு மணிக்கு ஜன்னல மூடிடுவாங்க.”

“பயத்த மறைக்கவே கூடாது. சொல்லு, பயமா இருக்கு.”

“பயமா இருக்கு சார்,” என்றாள். அது உண்மையும்கூட.

அவ்வளவுதான், மனிதர் பூரித்துப் போனார். படிக்கும் நேரத்தைப் பங்கு போட ஐந்து நிறத்தில் ஓர் அட்டவணை தந்தார், அட்டவணையைப் புரிந்துகொள்ள ஒரு கையேடு தந்தார், கையேடு புரியாதவர்களுக்காகச் செவ்வாய்தோறும் நடக்கும் கூட்டத்தில் அவள் பெயரைச் சேர்த்தார் (அந்த நேரத்தில் அவளுக்குக் கணக்கு வகுப்பு, அது கிடக்கட்டும்), மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் இழுத்துப் போட்டார், பேனா பிடிக்கும் முறையைத் திருத்தினார், மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், கடைசியில் நாற்காலியில் சாய்ந்து, “நானும் உன்ன மாதிரி மாறி வந்தவன்தான்,” என்று தன் கதையை, அந்தக் காலத்தில் தான் உட்கார்ந்த பெஞ்சு பெஞ்சாக ஆரம்பித்தார். படிவம்? அதைக் கவனிக்காமல் இருப்பாரா! அதன்மேல்தான் டீ கிளாஸை வைத்திருந்தார்.

மணி மூன்று ஐம்பத்து நான்கு. கதை இரண்டாவது பெஞ்சுக்கு வந்திருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வர, அவள் வாசல் பக்கம் திரும்பினாள். தோளில் பையோடு ஒருவன் அறை எண்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

“சார், வெளிய ஒருத்தர் வழி தெரியாம நிக்கிறார். இடத்துக்குப் புதுசு போல.”

கைத்தாங்கலின் கண்கள் ஜொலித்தன. கிளாஸைத் தள்ளினார், நின்றபடியே கையெழுத்தைக் கிறுக்கினார், பாய்ந்தார்.

“வாப்பா வா! எந்த காலேஜ்லேருந்து மாறி வந்திருக்க?”

“ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேருக்கு வந்திருக்கேன் சார்.”

“அதனால என்ன! பயப்படாத, முதல்ல உக்காரு.”

அவள் படிகளை இரண்டு இரண்டாகத் தாவினாள். மூன்று ஐம்பத்தேழு. ஜன்னல் குமாஸ்தா டீக் கறையை முறைத்துப் பார்த்துவிட்டு, டொப்பென்று முத்திரை குத்தினார். ஒரு வருடம் தப்பியது! நடைபாதையிலேயே அவள் ஒரு குதி குதித்தாள்.

குதித்து நின்ற இடத்தில் எதிரே ஒரு சின்னப் பெண். முகத்தில் வியர்வை, கையில் அதே படிவம். “அக்கா, ஆபீஸ் ஜன்னல் எங்கக்கா?”

பத்தடியில் இருந்தது ஜன்னல். ஒரு விரலை நீட்டினால் போதும்.

“ஜன்னல் எங்க ஓடிடப் போகுது?” என்று அந்தப் பெண்ணின் தோளில் கைபோட்டாள் நம் பெண். “முதல்ல உக்காரு. நானும் உன்ன மாதிரி மாறி வந்தவதான்...”

அவள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று உங்களிடம் ஒருவர் மணி கேட்டாரே, கடைசிவரை அவருக்கு மணி சொன்னீர்களா?