இரண்டாம் இலக்கத்துக்கு வாக்குக் கேட்ட வேட்பாளர்

தோற்றுப்போவது எனக்குப் புதிதில்லை. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து நான் தோற்காத துறை குறைவு. ஆனால் தோற்கப்போகிறாய் என்று ஊரே சொல்லும்போது, கையில் ஒரு நோட்டுக் கொப்பியை வைத்துக்கொண்டு, விலகமாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்று தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். அது என்னிடம் தாராளமாக இருந்தது. நடந்து சில வருடங்களாகிவிட்டன.

நான் மல்வேர்னில் கார் பழக்குகிறவன். கூரையில் பெயர்ப்பலகை பூட்டிய கார், பக்கத்து இருக்கையின் காலடியில் எனக்கென்று இன்னொரு பிரேக், ஊரார் வாயில் 'மாஸ்டர்' என்ற பட்டம். இங்கே கார் ஓடும் தமிழரில் பாதிப் பேர் என்னிடம் பழகியவர்கள். (மற்றப் பாதிப் பேர் சந்தியில் திரும்பும் விதத்தைப் பார்த்தாலே அவர்கள் என்னிடம் பழகவில்லை என்று தெரியும்.) ஒருநாள் மாதா கோயில் பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் சும்மா சொன்னார், மாஸ்டரைத் தெரியாத ஆள் இந்தத் தொகுதியிலேயே இல்லை, மாஸ்டர் எலெக்சன் கேட்டால் வெல்லுவார் என்று. அவர் அதைச் சொல்லிவிட்டு இன்னொரு றோல்ஸ் எடுக்கப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து விண்ணப்பப் படிவத்தை நிரப்பினேன்.

பொதுத் தேர்தலுக்கு முன்னால் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடக்கும். தொகுதியில் கட்சிக்கு ஆர் நிற்பது என்பதைக் கட்சி உறுப்பினர்களே வாக்குப் போட்டு முடிவுசெய்வார்கள். அதற்குத்தான் நான் மனுப் போட்டேன். இரண்டு கிழமை கழித்து இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். ஒருவர் தவம், வீடு விற்கிற முகவர். பஸ் தரிப்பிடத்து வாங்குகளில் எல்லாம் அவருடைய படம் இருக்கும், ஆட்கள் அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர் றெஜினா, சட்டத்தரணி. என் மனைவி ஜெசிந்தாவின் ஒன்றுவிட்ட தங்கை. எனக்கு மச்சாள்.

றெஜினாவைப் பற்றி நான் நேர்மையாகச் சொல்லவேண்டும். பதினைந்து குளிர்காலமாக மற்றவர்களுடைய தேர்தலுக்காகப் பனிக்குள் நடந்து கதவு தட்டியவள். இந்த ஒரு சந்தர்ப்பத்துக்காகவே காத்திருந்து, அலுவலகத்தில் ஆறு மாதம் லீவு போட்டுவிட்டு இறங்கியிருந்தாள். அந்த இடம் அவளுக்கு வரவேண்டியது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மனுவை முதலில் போட்டவன் நான். வரிசையில் முதலில் நின்றவன் ஏன் விலகவேண்டும் என்பது அப்போதைய என் தத்துவம்.

ஒரு மாதத்திலேயே நிலைமை தெளிவாகிவிட்டது. தவமும் றெஜினாவும் நூறு நூறாக உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சேர்த்தது முப்பத்தாறு. அதிலும் பாதிப் பேர் எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தவர்கள். அந்த நேரத்தில்தான் கட்சியிலிருந்து வாக்களிக்கும் விதிகள் மின்னஞ்சலில் வந்தன. வாக்குச்சீட்டில் X போடும் புள்ளடி இல்லை, வேட்பாளர்களை விருப்பப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிடவேண்டும் என்று முதல் பந்தியில் இருந்தது. மிச்சம் நாலு பக்கம். நான் அந்த முதல் பந்தியோடு நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது.

மன்னாரில் எங்கள் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் முதலாம் இடத்துக்கு ஐந்து புள்ளி, இரண்டாம் இடத்துக்கு மூன்று, மூன்றாம் இடத்துக்கு ஒன்று. ஒரு வருடம் எங்கள் இல்லத்துக்கு ஒரு முதலாம் இடமும் கிடைக்கவில்லை. ஓட்டம், பாய்ச்சல், குண்டு எறிதல் எல்லாவற்றிலும் இரண்டாம் இடம். கடைசியில் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் கேடயம் எங்களுக்கு. முதலாவதாக வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அதே கணக்கு இங்கேயும் என்று நான் முடிவெடுத்தேன். கட்சியின் விதியில் புள்ளி என்ற பேச்சே இல்லை. அதை இட்டு நிரப்பியது நான்.

அன்றிலிருந்து என் பிரசாரம் மாறியது. எங்கள் ஆட்களிடம் வாக்குக் கேட்டுப் போனால் ஒருவரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி தந்து, சங்கடத்தோடு நெளிவார்கள். ஒரு வீட்டில் தவம்தான் தங்களுக்கு இந்த வீட்டை எடுத்துத் தந்தவர் என்று தொடங்கினார்கள். நான் கையை உயர்த்தித் தடுத்தேன். "ஒண்டை அவருக்கே போடுங்கோ. எனக்கு இரண்டைத் தந்தால் காணும்" என்றேன். அந்த மனிதருடைய முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். மனைவியைக் கூப்பிட்டு எனக்கு வட்டிலப்பம் கொண்டுவரச் சொன்னார். றெஜினாவின் ஆதரவாளர் வீடுகளிலும் அதே பேச்சு, அதே நிம்மதி. சத்தியம்கூடப் பண்ணித் தந்தார்கள். ஒவ்வொரு பெயரையும் கொப்பியில் எழுதி, பக்கத்தில் '2' என்று போட்டேன். இருநூற்றெழுபது பெயர் சேர்ந்தது. ஆறு கிலோ எடையும் சேர்ந்தது.

நான் சேர்த்தவர்களிடமும் இரண்டைத்தான் கேட்டேன். அதற்குள் சில அப்பாவிகள், தாங்கள் எனக்கே ஒன்றாம் இலக்கம் போடப்போவதாக அடம்பிடித்தார்கள். எட்டுப் பேர். அவர்களை நான் தனியாகக் கூப்பிட்டு, மற்ற இரண்டு பெட்டிகளையும் வெறுமையாக விடும்படி சொன்னேன். எதிராளிக்கு ஏன் வீணாகப் புள்ளி கொடுப்பான்? (இந்த யோசனை வந்த நாள் நான் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டது ஞாபகம்.)

வாக்களிப்புக்கு ஒரு கிழமைக்கு முன்னர் ஜெசிந்தாவின் அண்ணர் பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து மீன் வைத்துச் சுட்ட மாலுபாண் பெட்டியோடு வந்தார். அவர் பெட்டியோடு வந்தால் விஷயம் பாரதூரம் என்று அர்த்தம். தவத்துக்கும் றெஜினாவுக்கும் இழுபறி, நீங்கள் மூன்றாவதாக எங்கேயோ நிற்கிறீர்கள், விலகி அவளுக்கு ஆதரவு என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை கரைசேர்ந்துவிடும் என்று மிகவும் பணிவாகக் கேட்டார். நான் கொப்பியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதென்ன, எல்லாம் இரண்டாய்க் கிடக்கு?"

"அதுதான் கணக்கு. பொறுத்திருந்து பாருங்கோ. நான் விலகமாட்டன்."

அவர் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், மாலுபாண் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜெசிந்தா கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் விருந்து மண்டபம் நிரம்பி வழிந்தது. ஆளுக்கு ஐந்து நிமிடப் பேச்சு. றெஜினா பஸ் சேவை பற்றி, வாடகை பற்றி, ஆறுதலாக நிறுத்தி நிறுத்தி அழகாகப் பேசினாள். தவம் கும்பிட்டார், அழுதார், திரும்பவும் கும்பிட்டார். கடைசியாக நான். "ஒன்றை உங்கள் மனச்சாட்சிப்படி போடுங்கள். இரண்டை மறக்காமல் எனக்குப் போடுங்கள்" என்று முடித்தேன். அன்றைக்கு அதிகக் கைதட்டு வாங்கியது என் பேச்சுத்தான். தவத்தின் ஆட்கள் எழுந்து நின்று தட்டினார்கள். இவ்வளவு பெருந்தன்மையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்வரிசையில் றெஜினா நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். பிள்ளைக்குத் தலையிடி போல என்று நினைத்தேன்.

எண்ணி முடித்து, தேர்தல் அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, ஒலிவாங்கிக்கு வந்தார். தவம் இருநூற்றுப் பதினொன்று. றெஜினா இருநூற்றெட்டு. நான் ஒன்பது.

ஒன்பது என்றது எனக்குக் கேட்டது, ஆனால் உள்ளே போகவில்லை. ஒன்பதுக்குப் பின்னால் இன்னும் ஏதோ எண் வரப்போகிறது என்று காத்துக்கொண்டு நின்றேன். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் கடைசி வேட்பாளர் நீக்கப்படுவார் என்று அவர் தொடர்ந்தார். அந்தக் கடைசி வேட்பாளர் நான்தான் என்பது என் பக்கத்தில் நின்றவர் என் முதுகைத் தடவியபோதுதான் விளங்கியது.

நேரே மேடைக்குப் போனேன். என்னுடைய இரண்டுகள் எங்கே என்று கேட்டேன். கொப்பியையும் காட்டினேன். அந்தப் பெண்மணி மிகப் பொறுமையாக விளக்கினார். முதலாவது விருப்பத்துக்குரிய வேட்பாளர் நீக்கப்பட்டால்தான் அந்தச் சீட்டின் இரண்டாவது விருப்பத்தைப் பார்ப்போம். அவர்கள் இருவரும் போட்டியில்தானே இருக்கிறார்கள்? ஆகவே அந்தச் சீட்டுகளில் யாருக்கு இரண்டு விழுந்திருக்கிறது என்று யாரும் பார்க்கப்போவதில்லை. இது விதிகளின் நாலு பக்கத்திலும் எழுதியிருந்ததே என்றார்.

இருநூற்றெழுபது பெயர், அத்தனை வீட்டுத் தேத்தண்ணி. சனங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருப்பார்கள். எல்லாரும் எனக்கு இரண்டு போட்டிருப்பார்கள். நான் கேட்டது கிடைத்தது.

அத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் வெட்கக்கேடு. இனித்தான் உண்மையான அதிர்ச்சி. நீக்கப்பட்டவன் நான் என்றபடியால் இப்போது என்னுடைய ஒன்பது சீட்டுகளின் இரண்டாவது விருப்பத்தை எண்ணவேண்டும். தவத்துக்கும் றெஜினாவுக்கும் மூன்று வாக்குத்தான் வித்தியாசம். தவத்தைவிட நாலு சீட்டில் கூடுதலாக அவளுக்கு இரண்டு விழுந்திருந்தால் போதும். அதிகாரி முதலாவது சீட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். வெறுமை. இரண்டாவது, வெறுமை. மூன்றாவது, வெறுமை. அந்த அப்பாவிகள் எட்டுப் பேரும் நான் சொல்லிக்கொடுத்ததை அச்சுப் பிசகாமல் செய்திருந்தார்கள். கார் பழகும்போதுகூட ஒருவரும் என் சொல்லை அப்படிக் கேட்டதில்லை. ஒன்பதாவதும் வெறுமை. அதில் இருந்த ஒன்றின் கையெழுத்தை எனக்குத் தெரியும். அது என்னுடையது.

தவத்தை ஆட்கள் தோளில் தூக்கினார்கள். றெஜினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பதினைந்து வருடக் களைப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

"அத்தான், ஊரெல்லாம் போய் இரண்டு கேட்டனீங்கள். எனக்கு ஒரு இரண்டு போட்டிருக்கலாமே."

அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது, ஆனால் தவம் ஏற்கெனவே அழுதுவிட்டபடியால் நான் அடக்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது காரில் ஜெசிந்தாவிடம் மெல்லக் கணக்குப் பார்த்தேன். எட்டுப் பேரும் நானும் சேர்ந்தால் ஒன்பது. அப்படியென்றால் அவள்?

"நீர் ஆருக்குப் போட்டனீர்?"

"ஒண்டு றெஜினாவுக்கு. இரண்டு உங்களுக்கு. நீங்கள்தானே வீடுவீடாய்ச் சொல்லித் திரிஞ்சனீங்கள்?"

இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் நான் சொன்னபடி செய்தது அதுவே முதல் தடவை. நான் சந்தியில் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போய்க்கொண்டிருந்தேன். கார் திடீரென்று குலுங்கி நின்றது. பக்கத்து இருக்கையிலிருந்து என் பிரேக்கை அவள் அமத்தியிருந்தாள். கூரையில் என் பெயர்ப்பலகை. அடுத்த காரில் இருந்தவன் என்னிடம் பழகிய பெடியன், கையைக் காட்டினான்.

பொதுத் தேர்தலில் தவமும் தோற்றார் என்பது வேறு கதை. றெஜினா எட்டு மாதம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அந்த எட்டு மாதமும் ஜெசிந்தா தொலைபேசியில் அவளோடு குசுகுசுப்பதைக் கேட்டுக்கொண்டு நான் குற்றவாளியைப் போல வீட்டுக்குள் நடந்து திரிந்தேன். நத்தார்ப் பண்டிகைக்கு வந்தாள். நான் தேத்தண்ணித் தட்டை நீட்டினேன். அவள் முதலாவது கோப்பையை எடுத்து என்னிடமே தந்துவிட்டு, "எனக்கு இரண்டாவது காணும் அத்தான்" என்றாள். வீடே சிரித்தது. அண்ணர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஆர் எதைக் கேட்டாலும், இறைச்சித் துண்டோ, காரில் முன் இருக்கையோ, எனக்கு மட்டும் "உங்களுக்கு இரண்டு போட்டிருக்கு" என்றுதான் பதில்.

இந்த வருடம் திரும்பவும் அதே போட்டி. றெஜினா நிற்கிறாள், தவமும் நிற்கிறார். பழைய பாவத்தைக் கழுவிவிடலாம் என்று நான் கொப்பியோடு போய், உனக்காக ஒவ்வொரு வீடாய் ஏறி இறங்குகிறேன் பிள்ளை என்றேன். அவள் கொப்பியை வாங்கி மூடி வைத்தாள்.

"அத்தான், உண்மையாய் எனக்கு உதவி செய்யவேணும் எண்டு நினைக்கிறீங்களோ? அப்ப தவம் அண்ணையின்ரை பக்கம் வேலை செய்யுங்கோ."

பக்கத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். றெஜினா சிரிக்கவில்லை. அவள் சொன்னது வேலைத்திட்டம் என்று எனக்கு விளங்க ஒரு முழு நாள் எடுத்தது. சரி, மச்சாளுக்காக இதையும் செய்வோம் என்று அடுத்த நாள் தவத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்களுக்காக வீடுவீடாய்ப் போகத் தயார் என்றேன்.

"மாஸ்டர், குடும்பம் எண்டு ஒண்டு இருக்குத்தானே" என்றார் தவம், வீடு விற்கிற அதே கனிவான குரலில். "நீங்கள் றெஜினாவோடையே நில்லுங்கோ."