ஒரு ஜாக்கியை நம்பி இருபது

மக்களே, நேற்று போனில் சீட்டு விளையாடிக்கொண்டே என்னிடம் கேட்டீர்களே, "அப்பா, கை சுமாரா இருந்தா ஏத்தவா, விடவா?" என்று. அம்மா அடுக்களையில் சிரித்த சிரிப்பில் நான் எழுந்து போய்விட்டேன். பதிலை இப்போது எழுதித் தருகிறேன்.

சிதறால் பக்கம் உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போன நாள். கூட வந்தது என் அண்ணன் மட்டும். அவளை அரை நிமிஷம்தான் பார்த்தேன். (அதற்கே எனக்குக் காது சிவந்துவிட்டது.) இவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அவள் அப்பா, உங்கள் தாத்தா, சாப்பிட்ட பிறகு பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டார். சோறு வேக நேரம் இருந்தது. முற்றத்துப் பலா மரத்தடியில் பாய் விரித்து 'இருபத்தெட்டு' ஆடலாம் என்றார்கள்.

அந்த ஆட்டத்தில் முதலில் நாலு சீட்டுதான் கைக்கு வரும். ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, மொத்தம் இருபத்தெட்டு; பலமும் அதே வரிசைதான், பத்தைவிட ஒன்பது பெரியது. மீதி நாலு சீட்டைப் பார்க்கும் முன்பே எத்தனை புள்ளி எடுப்போம் என்று விளிக்க வேண்டும். அதிகம் விளித்தவர் துருப்பு வைப்பார். விளித்ததை எடுக்காவிட்டால் அவரும் கூட்டாளியும் பிலா இலையைக் காதில் தொங்கவிட வேண்டும். அதற்குப் பெயர் குணுக்கு. அடுத்த ஆட்டம் ஜெயிக்கும் வரை கழற்றக்கூடாது.

என் கூட்டாளி தாத்தா. அவர் காதில் இதுவரை இலை ஏறியதே இல்லையாம். எதிரணியில் என் அண்ணனும், அம்மாவின் தாய்மாமனும்.

என் கையில் இஸ்பேட் ஜாக்கி, இஸ்பேட் பத்து, இரண்டு குப்பை. மாமன் பதினைந்து என்றார். நான் பதினாறு என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மற்ற இருவரும் 'பாஸ்' சொல்லி ஒதுங்கிவிட்டார்கள். மாமன் பதினேழு என்றார். ஜன்னல் திரை அசைந்தது. தாத்தா தொண்டையைச் செருமினார். (விட்டுவிடு என்று அர்த்தம். எனக்கு அது உற்சாகமாகக் கேட்டது.) பதினெட்டு என்றேன்.

"பத்தொம்பது," என்ற மாமன், "தம்பிக்கு விளிக்க பயமாக்கும்," என்றார்.

"இருபது."

மாமன் சீட்டைக் கவிழ்த்து வைத்துச் சிரித்தார். நான் இஸ்பேட்டைத் துருப்பு வைத்தேன். அடுத்த நாலு சீட்டும் வந்தன. எல்லாம் ஏழும் எட்டும்.

ஆனாலும் தாத்தா ஆடினார் பாருங்கள்! தனி ஆளாகப் புள்ளி புள்ளியாகப் பொறுக்கினார். கடைசிச் சுற்றுப் பிடிக்கு முன்னால் எங்களுக்குப் பத்தொன்பது. ஒன்றே ஒன்று வேண்டும். என் கையில் துருப்புப் பத்து. துருப்பு ஒன்பது இறங்கிவிட்டதா இல்லையா? எனக்கு நினைவில்லை. தாத்தாவுக்கு நினைவிருந்தது; அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பத்தைப் போட்டேன். மாமன் ஒன்பதை மெதுவாக, துணி மடிப்பதுபோல, மேலே வைத்தார்.

தாத்தா தானே எழுந்து இரண்டு இலை பறித்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆட்டம் நின்றது, இலை இறங்கவில்லை. இருவரும் அப்படியே பந்தியில் உட்கார்ந்தோம். சோறு போட வந்த உங்கள் அம்மா தன் அப்பாவின் காதைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள், அகப்பையோடு உள்ளே ஓடிவிட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"கையில என்னவாக்கும் இருந்து?" தாத்தா என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒரு ஜாக்கி. ஒரு பத்து."

"பின்ன எதுக்கு இருவது?"

"விட்டா பயந்தவன்னு நினைப்பியளோன்னு..."

 காதில் தொங்கிய இலை குழம்பில் நனையாமல் தாத்தா தலையைச் சாய்த்து, மைத்துனரான மாமனிடம் சொன்னார்: "பயலுக்கு பொய் சொல்ல வரல்ல. பிள்ளைய குடுக்கலாம். சீட்ட மட்டும் குடுத்திராத."

முதல் நாலு சீட்டில் தன் கையில் ஒன்றுமே இல்லை, ஒன்பது பிறகுதான் வந்தது என்று மாமன் கல்யாணப் பந்தலில் வைத்துச் சொன்னார். இன்றும் நான் நிலமோ வண்டியோ வாங்கலாம் என்று வாயெடுத்தால் அம்மா கேட்பாள்: "கையில என்ன இருக்கு, ஒரு ஜாக்கியா?"

பெண் பார்த்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்தினேன். சட்டைப்பையில் வாடிக்கிடந்த இலையை எடுத்துக் காதில் மாட்டி, கண்ணாடி முன்னால் நின்று, "பாஸ்" என்று மெதுவாக நாலு தடவை சொல்லிப் பார்த்தேன்.