ஓவியின் காதுக்கு ஒரு பேரம்

“இந்தப் பக்கம் மட்டும் வராதீங்கப்பா” என்று சொல்லத்தான் காசார் சேட் சந்துமுனைக்கு ஓடினார். ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு சாக்கடையில் போயிற்று.

நாசிக்கில் பிள்ளையார் கரைக்கும் நாள். மேளக்குழு கிளம்பிவிட்டது. நாற்பது டோல், பதினெட்டு தாஷா. டோல் வயிற்றில் இடிக்கும். தாஷா சின்னதுதான், ஆனால் காதுக்குள் ஆணி அடிக்கும்.

வீட்டில் ஓவிக்கு இருபத்தொன்பது நாள். சேட்டுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பெண். “பச்சைக் காது சேட். பெரிய சத்தம் பக்கத்துல வராமப் பாத்துக்கோங்க. போன காது திரும்பி வராது” என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்காவது அனுப்பிவிடலாமென்றால், பிள்ளை பெற்றவள் ஒன்றேகால் மாதம் வாசல் தாண்டக் கூடாது. மனைவி வனமாலா அதை மீறத் தயாரில்லை.

சேட் பித்தளைப் பாத்திர வியாபாரி. ஓட்டைக் குடத்தையே பேசி விற்றவர். மேளக்காரனைப் பேசி அனுப்ப முடியாதா?

“கொண்டிபா, வீட்ல பச்சக் குழந்தை இருக்குப்பா...”

குழுத் தலைவன் கொண்டிபா தாஷாக் குச்சியை உயரத் தூக்கினான். “டேய்! சேட் வீட்டுக்கு மகாலட்சுமி வந்திருக்காளாம்! திருப்புங்கடா!”

மொத்தக் குழுவும் சேட் வாசலில் வந்து நின்றது.

“வாழ்த்தெல்லாம் வேணாம்பா, நடையக் கட்டுங்க!”

“கூச்சப்படாதீங்க சேட். காசா கேட்டோம்?”

கையில் எதையாவது திணித்தால் நகராத ஆள் உண்டா என்று சேட் கணக்குப் போட்டார். உள்ளே ஓடி ஐந்து தேங்காயோடு வந்தார். தேங்காய் கொடுத்த வாசலில் தனிக்கொட்டு அடிப்பது அந்தக் குழுக்களின் மரியாதை. பதற்றத்தில் அது மறந்துபோயிற்று.

“அஞ்சு தேங்கா! அஞ்சு கொட்டு!”

“ஐயோ, தேங்காயத் திருப்பிக் குடுடா!”

“சாமிக்கு வந்ததத் திருப்புவாங்களா சேட்? பாவம் புடிக்கும்.”

சேட் மாடிக்கு ஓடி, சன்னலை அடைக்க மூன்று மெத்தைகளை வெளியே தொங்கவிட்டார். கீழே கைதட்டல் எழுந்தது. “சேட் வீட்ல அலங்காரம் பண்றாங்கடா!”

ஐந்து தேங்காய்ச் செய்தி பக்கத்துத் தெருவுக்குப் போனது. அந்தத் தெருக் குழு முறைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றது. “அவங்களுக்கு அஞ்சு. எங்களுக்கு எத்தனை சேட்? நாங்க என்ன இளப்பமா?”

இரண்டு குழுவும் எதிரெதிரே பிளந்துகட்டின. வீட்டின் கீழே இருந்த கடைக்குள் அடுக்கியிருந்த செம்புகள் தாமாகவே கிணுகிணுத்து, ஒன்றிரண்டு உருண்டும் விழுந்தன.

வாழ்நாளில் ஒரு பேரத்திலும் தோற்காத மனிதர், கடைசியில் நடுத்தெருவில் கொண்டிபாவின் காலில் விழுந்தார். என்ன சொல்கிறார் என்பது அந்த இடியில் யாருக்குக் கேட்கும்?

கொண்டிபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எம்மாம் பக்தி! டேய், சேட்டுக்காக இன்னும் ஒரு சுத்து!”

ஊர்வலம் நகர ஒரு மணி நேரம் ஆயிற்று. சேட் தயங்கித் தயங்கி உள்ளே போனார். குழந்தைக்குப் பிரசாதம் கொடுக்கக் கொண்டிபா பின்னாலேயே வந்தான்.

வனமாலா உதட்டில் விரல் வைத்தாள். “மெதுவா. தூங்கறா.”

“இப்பத்தான் தூங்கினாளா?”

“மொதல் கொட்டுக்கு முன்னாடியிலேர்ந்தே. ஒரு சிணுங்கல் கூட இல்லைங்க.”

சேட் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார், உடனே சிரித்தார். “பாத்தியா கொண்டிபா! காசார் வம்சம்டா! பித்தளைக் கடைல பொறந்தவ, உன் கொட்டுக்கெல்லாம் அசருவாளா?” என்று அவன் வாயில் ஒரு பால்பேடாவைத் திணித்தார்.

கொண்டிபா அதை மெல்லவில்லை. தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இடுப்பிலிருந்த தாஷாவில் ஒரே ஒரு அடி அடித்தான்.

வனமாலா துள்ளி எழுந்தாள். சேட் அவன் சட்டையைப் பிடித்தார். “பைத்தியமாடா உனக்கு?”

ஓவியின் இமைகூட அசையவில்லை.

சட்டையை விடுவித்துக்கொள்ளாமலே கொண்டிபா சொன்னான்: “நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க சேட். எம் பொண்ணும் இப்படித்தான் சமத்தாத் தூங்குவா, மூணு வருஷம் நாங்களும் பெருமைப்பட்டுக்கிட்டே இருந்துட்டோம்.”